ஒன்பதாம் வீட்டுக் கணப்பு

இங்கிலாந்தின் பாத் நகரத்து ஹாலட் வரிசையைத் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிறவர்கள் அதைப் பதினொரு வீடு என்று சொல்ல மாட்டார்கள், ஒரே அரண்மனை என்றுதான் சொல்வார்கள். தேன் நிறக் கல், ஒரே மட்டத்தில் ஓடும் ஜன்னல்கள், நடுவீட்டின் தலையில் முக்கோண முகப்பு. இருநூறு வருடத்துக்கு முன்னால் கட்டியவர்கள் முகத்துக்கு மட்டும் ஒரே வரைபடம் போட்டு, முதுகை அவரவர் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார்கள். பின்சந்தில் போய்ப் பார்த்தால் ஒரு வீட்டின் கழிவுக்குழாய் கோணலாக இறங்கும், இன்னொரு வீட்டின் குளியலறை பின்னால் தொத்திக்கொண்டு நிற்கும்.

எட்டாம் எண்ணில் இருந்த ஏவிஸ் போகாக்குக்கு அந்த முதுகுகள் எல்லாமே அத்துப்படி. முப்பத்திரண்டு வருடம் அந்த வட்டாரத்தில் வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டிய நர்ஸ் அவள். கணவன் லென் இறந்து, வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றபின், வீடுகளைக் கவனிக்கத் தொடங்கினாள். வரிசையில் எங்கே விரிசல் விட்டாலும் அவளுக்குத்தான் ஆள் வரும். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமென்ட் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிவிட்டு வருவாள். கண்ணாடி முழுசாக இருந்தால் அது ஆறிப்போன பழைய விரிசல். உடைந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம். நகர்வது ஒரு வீட்டோடு நிற்காது. பதினொன்றும் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துதான் நிற்கின்றன.

ஒன்பதாம் எண் ரொவீனா ஸ்டைல்ஸுடையது. பள்ளியில் பிரெஞ்சு கற்றுக்கொடுத்தவள், வாய்ச் சாமர்த்தியக்காரி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் நகரசபை இந்த வரிசையை இடித்துத் தள்ளப் பார்த்தபோது, இரண்டு பேரும் வாசற்படியில் நாற்காலி போட்டு ஒரு வாரம் உட்கார்ந்து இடிக்க வந்த இயந்திரத்தைத் திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்குப் பிடித்த சிநேகம். இவள் வீட்டுச் சாவி அவளிடம், அவள் வீட்டுச் சாவி இவளிடம்.

அந்த வருடம் மே மாதம் ஏவிஸின் படுக்கையறைச் சுவரில், குளிர்காய நெருப்பு மூட்டும் கணப்புக்கு மேலே, புதிதாக ஒரு விரிசல் கண்டது. வழக்கம்போலக் கண்ணாடி ஒட்டினாள். பதினாறாம் நாள் அது இரண்டாகக் கிடந்தது.

ஏழாம் எண்ணை வாங்கியிருந்த ஃபாரன்ட் லண்டன்காரர், பல் டாக்டர். அப்போது தம் நிலவறையைத் தோண்டி ஆழப்படுத்திக்கொண்டிருந்தார். விரிசல் இருந்ததோ ஒன்பதாம் எண் பக்கத்துச் சுவரில். அதைக் கண்டும் ஏவிஸின் புத்தி ஏழாம் எண்ணுக்குத்தான் போயிற்று. அடியில் தோண்டினால் வரிசையே அசையும் என்று அவளே கணக்குப் போட்டு ரொவீனாவிடம் சொன்னாள்.

"பின்ன வேற யாரு? பல்லைப் பிடுங்குற கை, சும்மா இருக்குமா? இப்ப வீட்டு வேரைப் பிடுங்குது" என்றாள் ரொவீனா. "நகரசபைக்கு எழுது. நானும் கையெழுத்துப் போடறேன்."

கடிதம் போயிற்று. ஃபாரன்டின் வேலையை ஐந்து மாதம் நிறுத்தி வைத்தார்கள். பாதி தோண்டிய வீட்டில் கைக்குழந்தையை வைத்துக்கொள்ள முடியாமல் அவர் மனைவி தாய்வீட்டுக்குப் போனாள். ரொட்டிக் கடையிலும் தபால் நிலையத்திலும் சர்ச் வாசலிலும் ஏவிஸ் அந்த மனிதரைப் பற்றிச் சொல்லாத பேச்சில்லை.

அக்டோபரில் ரொவீனா பத்து நாள் போர்ச்சுகலுக்குப் போனாள். பூனைக்குச் சோறு வைக்கும் வேலை ஏவிஸுடையது. நாலாம் நாள் பூனை அடுக்களையில் வாந்தி எடுத்து வைத்திருந்தது. துடைக்கத் துணியும் வாளியும் தேடி, நடுவில் இருந்த உயரமான அலமாரியைத் திறந்தாள்.

போன வருடம் ஈஸ்டருக்கு அடுக்களையைப் புதுப்பித்தபோது போட்ட அலமாரி வரிசை அது. பழைய கணப்பை அப்படியே விட்டு மேலே பலகை அடித்து மூடியிருப்பதாகத்தான் ரொவீனா சொல்லியிருந்தாள். ஆனால் உள்ளே துடைப்பம் நின்றது. அதற்குப் பின்னால் வாளி. வாளிக்கும் பின்னால் ஏவிஸ் கை முழுவதையும் நீட்டினாள்; அப்போதும் கல் தட்டுப்படவில்லை, கணப்பு இருந்த இடம் வெறும் வெளியாக இருந்தது.

துடைப்பக் கட்டையால் அலமாரியின் மேல் பலகையை நெம்பினாள். அது ஒரு பக்கம் சரிந்தது. மேலே, அறுத்த மரத்தின் அடிபோல, புகைபோக்கியின் கல் அந்தரத்தில் நின்றது. இரண்டு கட்டையும் ஒரு இரும்புப் பட்டையும் அதைத் தாங்கிக்கொண்டிருந்தன. அதற்கு மேலே மூன்று மாடிப் புகைபோக்கி. சுவரின் மறுபக்கம் அவளுடைய கட்டில்.

ஏவிஸ் பலகையைச் சரியாக்கினாள். பூனையின் வாந்தியைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கட்டிலைப் பின்னறைக்கு இழுத்தாள். பிறகுதான் அவளுக்கு அந்த ஈஸ்டர் நினைவுக்கு வந்தது. "கார்ன்வால்ல உன் தங்கச்சி வீட்டுக்குப் போய் மூணு வாரம் இருந்துட்டு வா ஏவிஸ், கடல் காத்து உனக்கு நல்லது" என்று டிக்கெட் வாங்கிக் கையில் கொடுத்ததே ரொவீனாதான்.

ரொவீனா திரும்பிய அன்று பிற்பகல், வெயிலில் சிவந்த மூக்கும் ஒரு பாட்டில் ஒயினுமாக எட்டாம் எண்ணுக்கு வந்தாள்.

"பூனை உன்னைப் படுத்திச்சா?"

"துடைப்ப அலமாரியைத் திறந்தேன்" என்றாள் ஏவிஸ்.

ரொவீனா பாட்டிலை மேசைமேல் வைத்தாள். கொஞ்ச நேரம் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

"கொத்தனார் ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொன்னான்."

"இரும்பு உத்தரம் போடணும்னு சொல்லலையா?"

"சொன்னான். போடணும்னா நகரசபை அனுமதி வேணும், உன் சம்மதமும் வேணும். ஒரு வருஷம் இழுப்பாங்க. என் பக்கத்துச் சுவர், என் அடுக்களை. அலமாரி வைக்க இடம் வேணும்னு தோணுச்சு, செஞ்சேன்."

"அதை விடு. கண்ணாடி உடைஞ்சப்ப உனக்குத் தெரியும்ல?"

ரொவீனா கையுறையை மேசைமேல் வைத்தாள்.

"உனக்குத் தெரியும். தெரிஞ்சும் அந்த மனுஷன் பேர்ல கையெழுத்துப் போட்ட."

"பேரைச் சொன்னது நீ. நானா சொன்னேன்?"

"நான் தப்பாச் சொன்னேன். நீ பொய்யாச் சொன்ன."

"ஏவிஸ், கொஞ்சம் கேளு. வீட்டை வித்துட்டேன். வர்ற வியாழக்கிழமை பத்திரம். மக கனடாவுக்குக் கூப்பிடறா. இப்ப இது வெளிய வந்தா வாங்கறவங்க ஓடிருவாங்க, என்மேல வழக்கு வரும். ஒரு வாரம் பொறுத்துக்கோ. அப்புறம் நீ யார்கிட்ட வேணும்னாலும் சொல்லு."

வீட்டை விற்கிற விஷயமே ஏவிஸுக்கு அப்போதுதான் தெரியும். முப்பது வருடமாக, அவளிடம் கேட்காமல் ரொவீனா ஒரு திரைச்சீலைகூட மாற்றியதில்லை. அப்படித்தான் ஏவிஸ் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"போறதை எப்போ சொல்லலாம்னு இருந்த?"

"சொல்லத்தான் இருந்தேன்."

"அப்ப அந்த அலமாரிக்குப் பக்கத்துல புதுசா வர்றவங்க புள்ளை நிக்கும். இந்தப் பக்கம் நான் படுத்திருப்பேன். நீ கனடாவுல இருப்ப."

"இத்தனை வருஷ சிநேகத்துக்கு இதுதானா?"

"நானும் அதையேதான் கேட்கணும்னு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு ஏவிஸ் எழுந்தாள். நடையில் இருந்த தொலைபேசியில் நகரசபைக் கட்டிட அதிகாரியின் எண்ணைச் சுழற்றினாள். வீட்டு எண், எந்த மாடி, எவ்வளவு கல் அந்தரத்தில் நிற்கிறது, என்ன தாங்குகிறது என்று ஒரு நோயாளியின் நிலைமையைச் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னாள். முட்டுக் கொடுக்க இன்றைக்கே ஆள் அனுப்ப வேண்டும் என்றாள். பேசி முடித்துத் திரும்பியபோது ரொவீனா போயிருந்தாள்.

ஏவிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு ஏழாம் எண் கதவைத் தட்டினாள். ஃபாரன்ட்தான் திறந்தார். கதவைப் பாதியோடு நிறுத்திக்கொண்டார்.

"விரிசலுக்குக் காரணம் நீங்க இல்ல" என்றாள். "ஒன்பதாம் நம்பர்ல கணப்பை இடிச்சிருக்காங்க. நகரசபைக்குச் சொல்லிட்டேன். உங்களுக்குப் பண்ணினது தப்பு. மன்னிச்சுக்கோங்க."

"அந்தக் கடுதாசியில ரெண்டு கையெழுத்து இருந்துச்சு, மிஸஸ் போகாக்."

"ஒண்ணு என்னோடது. அதுக்குத்தான் நான் வந்திருக்கேன். இன்னொண்ணுக்கு நான் வர முடியாது."

அவர் கதவிலிருந்து கையை எடுத்தார்.

"என் பொண்டாட்டி திரும்பி வந்தாலும் ரொட்டிக் கடையில யாரும் அவளுக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டாங்க. அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"என்னென்ன சொன்னேன், எங்கெங்க சொன்னேன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. அங்கெல்லாம் போய் மாத்திச் சொல்றேன்."

"எப்போ?"

ஏவிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ரொட்டிக் கடை சாத்த இன்னும் இருபது நிமிடம் இருந்தது. கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.