ஆளில்லாத தறி அசைந்தது

அறுபத்தெட்டாம் வருஷமோ அறுபத்தொன்பதோ இருக்கும். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு தறிக்காரர் வீட்டில் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். நெய்வதற்கான பட்டு நூலை ராட்டை வைத்துச் சின்னக் குழலில் சுற்றித் தருகிற வேலை அது. எனக்குக் கல்யாணமாகி ஏழு வருஷமாகியும் குழந்தை இல்லை. மாதா கோயிலில் முழங்காலில் நின்றாலும் நினைப்பு அதிலேயே போய் நிற்கும்.

பக்கத்தில் செபிக்கும் சிநேகிதி கேலி செய்வாள். "வாயி இங்க முணுமுணுத்துக்கினு இருக்குது. மனசு எந்த பஸ் ஏறிப் போச்சும்மா?"

பங்குச் சாமியாரிடம் இதைச் சொன்னேன். "ராட்டை சுத்தும்போது அந்தச் சத்தத்தையே கேளும்மா. மனசு ஓடிச்சுன்னா திட்டாம கூட்டிக்கினு வா. ‘ஆண்டவரே, இங்க இருக்கேன்’னு சொல்லு, போதும்" என்றார். அப்படியே பழகினேன்.

அன்று ஊரில் தேர்த் திருவிழா. தெருவே காலி, ஒரு தறிச் சத்தமும் இல்லை. வீட்டுக்காரம்மாவும் கிளம்பினார். "பாப்பா உள்ள தூங்குது. எழுந்தா பாத்துக்கோம்மா, தோ வந்துடறேன்."

வாசல் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் குழித்தறி. கீழே குழிக்குள் இருக்கிற பலகையைக் காலால் மிதித்தால், மேலே நீளவாக்கில் கட்டிய பாவு நூல் ஏறி இறங்கும். அதில் நெய்துகொண்டிருந்த வீட்டுக்காரரின் தம்பி போன மாதம்தான் காய்ச்சலில் இறந்துபோனார். பாதிப் புடவை அப்படியே கிடந்தது. யாரும் அதில் உட்காரவில்லை.

ராட்டைச் சத்தத்தைக் கேட்டபடி சுற்றினேன். நடுவில் இன்னொரு சத்தம். டக். ராட்டையை நிறுத்தினேன். மறுபடியும், டக்.

திரும்பிப் பார்த்தேன். தறியில் ஆளில்லை. ஆனால் பாவு நூல் மேலே ஏறி இறங்கியது.

செத்தவர்தான் மிதிக்கிறார் என்று நினைத்து வாசலுக்கு ஓடிவிட்டேன். பயத்தில் வாய் தானாகச் சொல்லியது: "ஆண்டவரே, இங்க இருக்கேன்." இருக்கேன் என்று சொல்லிவிட்டு எப்படி ஓடுவது? நின்று பார்த்தேன். இந்தத் தடவை நூல் பாதிதான் ஏறியது. அடுத்தது அதிலும் பாதி. செத்தவருக்குக் களைப்பு வருமா?

குழிக்குள் எட்டிப் பார்த்தேன். பாப்பா! என் முதுகுப்பக்கமாகத் தவழ்ந்து வந்து உள்ளே சறுக்கியிருக்கிறாள். மிதிபலகைக் கயிறு கழுத்தைச் சுற்றியிருந்தது. அவள் உதறும்போதெல்லாம் மேலே நூல் ஏறியிருக்கிறது. கயிற்றைப் பிரித்து வெளியே தூக்கினேன். முகம் நீலம். முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தேன். அப்புறம்தான் வீல் என்று அழுதாள்.

"கத்தக்கூட இல்லியே, உனக்கு எப்டிம்மா தெரிஞ்சிது?" என்று தேரிலிருந்து திரும்பிய அவள் அம்மா, நடந்ததைக் கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

எனக்குக் குழந்தை பிறக்கவே இல்லை. இப்போதும் செபத்தில் மனசு எங்கேயாவது போகும். அப்போதெல்லாம் அந்த நூல் பாதி ஏறி நிற்பது கண்ணில் தெரியும். உடனே திரும்பி வந்து, இங்க இருக்கேன் என்று சொல்லிவிடுகிறேன்.