கொலின் அங்கிள் செய்த சப்பாத்துத் தட்டு

கொலின் அங்கிள், எங்கள் கோவிலின் வரலாற்றை நீங்கள் பொய்யாக எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கோவிலை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஈரக் காலுறையின், எங்கள் பேச்சில் "மேசின்", நாற்றமும் அதையும் தாண்டிக் காலில் ஏறும் கல்தரையின் குளிரும்தான். நகரத்தின் ஓரத்தில், கெல்லிவில்லுக்கு அப்பால் வீடுகள் முளைக்காத காலம். சுற்றிவர மாடு மேயும் நிலம், நடுவில் சின்னதாய் ஒரு அங்கிலிக்கன் கற்கோவில். வயதான வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போக, ஆளில்லாமல் அதைப் பூட்டப்போன நேரத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நார்த்மீட்டில் வாடகைக்கு இருந்த எங்கள் சில குடும்பங்கள்தான் அதை எடுத்து நடத்தின. கூட்டியது, பூ வைத்தது, கூரை ஒழுக்குக்கு வாளி வைத்தது எல்லாம் நாங்கள். கதவுப் பூட்டின் திறப்பு மட்டும் கோவில் பொறுப்பாளரான கொலின் அங்கிளிடம் இருந்தது.

ஊர் வழக்கப்படி "சப்பாத்தை" வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். ஒருநாள் ஆராதனை முடிந்து வந்தால் என் சப்பாத்துக்குள் பாம்புக்குட்டி.

"இனிச் சப்பாத்தோட உள்ளுக்குப் போவம்," என்றார் அப்பா.

"கழட்டித்தான் போகவேணும். ஆண்டவர் பாத்துக்கொள்ளுவார்," என்றார் அம்மா.

"பிரசங்கத்துக்கு நீ நித்திரை கொள்ளுறதையே அவர் பாக்கேல்லை. சப்பாத்தைப் பாப்பாரோ?"

எல்லோரும் சிரித்தோம். தமிழ் விளங்காத கொலின் அங்கிளும் சிரித்தார். அளவெடுக்க என் சப்பாத்தை வாங்கிக்கொண்டு போனார். நான் மேசோடு ஈரப்புல்லில் காருக்கு நடந்தேன். அடுத்த ஞாயிறு வாசலில் சப்பாத்து வைக்க அவர் செய்த ஒரு மரத்தட்டு நின்றது, பிள்ளைகளின் சப்பாத்துக்கென்று அடித்தட்டு மட்டும் என் அளவுக்கு ஒடுக்கமாக. இந்த நாட்டில் எங்களுக்கென்று ஒருவர் கையால் செய்த முதல் பொருள் அது. அவரை நாங்கள் தலையில் வைத்துக் கொண்டாடினோம்.

பிறகு வீடுகள் வந்தன, புதிய சனம் வந்தது, எங்களை ஆராதனைக்குப் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போகச் சொன்னார்கள். போனோம்.

போன மாதம் அம்மாவை அந்தப் பழைய கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேய்ச்சல் நிலமும் இல்லை, மாடும் இல்லை. சுவரில் கொலின் அங்கிள் எழுதிய கோவில் வரலாறு பெரிய பலகையில் தொங்குகிறது. நாங்கள் இருந்த அத்தனை வருடமும் கோவில் "ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தது" என்று அதில் இருக்கிறது. என் தங்கைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது அந்தக் கோவிலில்தான்.

அம்மா இரண்டுதரம் வாசித்தார். "அப்ப நாங்கள் எங்க பிள்ளை இருந்தனாங்கள்?" என்றார்.

கொலின் அங்கிளுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். அது உங்கள் தமிழ்க் கூட்டம்தானே, இந்தப் பங்குச் சபையின் ஆராதனை இல்லையே என்றார். நல்ல அமைதியாகச் சொன்னார்.

தட்டு இன்னும் வாசலில் நிற்கிறது. "பண்ணைக்காரர்களின் பூட்ஸ் தட்டு" என்று அதற்கும் ஒரு பெயர் ஒட்டியிருக்கிறார்கள்.

கொலின் அங்கிள், வருகிற ஆண்டுவிழா ஆராதனையில் நீங்கள் பேசப்போகிறீர்களாம். அம்மாவோடு நான் முன்வரிசை வாங்கில் இருப்பேன். அந்த அடித்தட்டில் எந்தப் பண்ணைக்காரனின் பூட்ஸ் நுழையும் என்று சபைக்கு முன்னால் சொல்லுங்கள்.