பாசிக்கு மட்டும் மழைத்தண்ணீர்

அப்பா கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்தில் முப்பத்தோரு வருடம் உதவியாளர். அவர் பொறுப்பில் ஜன்னலோரம் மூன்று தட்டுகள்: குளத்துப் பாசி, தரைப் பாசி, பெரணி. செடிகள் தண்ணீரை விட்டுக் கரையேறிய கதையை மாணவர்களுக்கு அந்த வரிசையில்தான் காட்டுவார்கள்.

எனக்கு நடுத்தட்டைப் பிடிக்காது. தரைக்கு வந்துவிட்டதே தவிர, அந்தப் பாசிக்கு வேர் இல்லை. ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும் மெழுகுத் தோலும் பெயருக்குத்தான். உடம்பு முழுக்க நனைந்தால்தான் உயிர். என் பட்டமளிப்பு விழா அன்று வெயில் அதிகம். பாசி காய்ந்துவிடும் என்று அப்பா வரவில்லை.

"அதுக்கு வேரில்லம்மா. தண்ணி தேடிப் போகாது."

"எனக்கு மட்டும் வேர் இருக்கா?"

"உனக்குத்தான் கால் இருக்கே," என்று சிரித்தார்.

வீட்டுக் குளியலறையில் பாதி இடம் பாசிக்கான மழைத்தண்ணீர் டிரம்முக்கு. நான் ஒரு குவளை மொண்டாலும் கண்டுபிடித்துவிடுவார்.

அவர் இறந்த பதினெட்டாம் நாள், அவருடைய பொருள்களை வாங்கப் போனேன். ஆய்வகத்தில் குடுவை கழுவும் அக்கா என்னைப் பார்த்ததும் அழுதாள்.

"அண்ணன் சாப்பிடுறதுகூட அந்தத் தட்டுப் பக்கத்துலதான். பாட்டெல்லாம் பாடுவாரு."

வீட்டில் அவர் பாடி நான் கேட்டதில்லை.

பாசி கருகிக் கிடந்தது.

"தினம் ரெண்டு வேளை ஊத்துறேன், ஒரு குறையும் வைக்கல. உங்கிட்ட ஏதாவது சொல்லியிருக்காராடி?"

தட்டில் வெள்ளைப் படிவம். நான் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பொறியாளர். ஒரு பார்வை போதும்: குழாய்த் தண்ணீரின் உப்பு. பெரணி ஓரளவு தாங்கும். பாசி இலையாலேயே குடிக்கிறது. உப்பும் நேராக உள்ளே போகும்.

"தெரியலக்கா," என்றேன். சாகட்டும்.

பேருந்தில் ஏறியும் மனம் ஆறவில்லை. அது பிழைக்க என்ன வேண்டும் என்று இப்போது என் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் டிரம்மிலிருந்து ஒரு கேன் நிரப்பிக்கொண்டு போனேன். உப்புக் கரையும்வரை தட்டை அலசினேன். மூன்று வாரத்தில் ஓர் ஓரம் பச்சை கட்டியது.

"அப்படி என்னத்தடி ஊத்துற? சொன்னா நானே பாத்துக்குவேன்ல," என்றாள் அக்கா.

"உங்களுக்கு எதுக்குக்கா சிரமம். நானே வரேன்."

மேலதிகாரியிடம் கேட்டு வேலை நேரத்தை மாற்றிக்கொண்டேன். ஒருநாள் விட்டு ஒருநாள் போகிறேன். எந்தத் தண்ணீர் என்று அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.