அந்த ஆள் இங்கே இல்லை

செல்போன் வந்த வேகத்தில், சிங்கப்பெருமாள் கோயிலில் நான் வைத்திருந்த எஸ்.டி.டி. பூத் படுத்துவிட்டது. அதற்காக வாங்கிய ஃபைனான்ஸ் கடன் மட்டும் திடகாத்திரமாக நின்றது. வசூலுக்கு ஆள் வரும்போதெல்லாம் நான் கட்டிலுக்கு அடியில் குடியிருப்பேன். செங்கல்பட்டில் எங்கள் தெருவுக்கே பாடம் சொல்லி வைத்திருந்தேன்: ஃபைலோடு யார் வந்து கேட்டாலும், அந்த ஆள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். எதிர்வீட்டு டெய்லரம்மா அதைக் கண் கலங்கச் சொல்லுமளவுக்குத் தேறியிருந்தார்.

இரண்டு வருடம் கழித்து மனைவியின் சங்கிலியை விற்றுக் கடனை அடைத்தேன். ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். பாடம் முடிந்தது என்று தெருவிடம் சொல்லத்தான் மறந்துபோனேன்.

அப்போதுதான் கடற்கரையோரத்து அணு ஆராய்ச்சி வளாகத்தில், ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் ஸ்டோர்ஸ் வேலை அமைந்தது. போலீஸ் விசாரணை அறிக்கை நல்லபடியாகப் போனால்தான் கேட் பாஸ். முப்பத்தொன்பது வயதில் எனக்கு வேறு யார் வேலை தரப்போகிறார்கள்? காலையில் எந்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும் என்றுகூட விசாரித்துவிட்டேன்.

ஒரு சாயங்காலம் டெய்லரம்மா சிரித்துக்கொண்டே வந்தார்.

“ஃபைல் வெச்சிகினு ஒருத்தன் வந்தான்ண்ணே. இப்பல்லாம் போலீஸுன்னு சொல்லிகினு வர்றானுங்க. நம்மகிட்டயா? தெரு மொத்தமும் ஒரே மாதிரி சொல்லிட்டோம்.”

நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது?

மறுநாள் அவரையும் அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், வந்து விசாரித்த ஏட்டிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அவர் ரசீதை நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“கடன் வாங்குறது தப்பில்ல. கட்டிட்ட, அதுவும் சரி. ஆனா ஒளிஞ்சிகினு, தெருவையே பொய் சொல்ல வெச்சேன்னு நீயே சொல்ற. நான் இன்னா எழுதறது?”

“பொய் சொன்னது நாந்தான், அண்ணன் தங்கமான மனுஷன்” என்று டெய்லரம்மா குறுக்கே புகுந்தார்.

“நேத்து கண்ணு கலங்கி சொன்னியே, அதையும் நம்பத்தாம்மா செஞ்சேன்.”

டெய்லரம்மா என்னைப் பார்த்தார். பேசியே காலம் தள்ளியவன் நான். ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தேன்.

கூட விண்ணப்பித்தவர்களுக்கு ஒரு மாதத்தில் பாஸ் வந்தது. ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் என்னிடம், வந்தால் சொல்கிறோம் என்றார். நான்கு தடவை அப்படியே சொன்னார். ஐந்தாவது தடவை, அந்த இடத்துக்கு மதுராந்தகத்துக்காரர் ஒருவரை எடுத்தாகிவிட்டது என்றார்.

வீட்டுக்கு வந்து, உள்ளே கதிர்வீச்சாம், முடியெல்லாம் கொட்டிவிடுமாம், நல்லவேளை தப்பித்தேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என் வழுக்கையைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.