ஞானபாக்கியத்தின் நாற்பது அட்டைகள்

ஞானபாக்கியம் இறந்த ஒன்பதாம் நாள், அவளுடைய பீரோவின் அடித்தட்டில் இருந்த பிஸ்கட் டப்பாவை மகன் காமராஜ் திறந்தான். உள்ளே முப்பத்தொன்பது அட்டைகள் இருந்தன. அவள் எழுதியது நாற்பது. அந்தக் கணக்கு அவனுக்குத் தெரியும். ஏழு வருடங்களுக்கு முன் வீடு வீடாகப் போய் அவற்றைத் திரும்ப வாங்கிவந்தவனே அவன்தான்.

அம்மாவின் கையெழுத்தைப் பார்த்ததும் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அம்மா ஞாபகார்த்தமாகப் புத்தாண்டுக்கு என்ன செய்வதென்று பேச, சாயங்காலம் எபனேசர் சித்தப்பா வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அழ நேரமில்லை என்று நினைத்தான். அழுதான்.

போடி கடைவீதிக்குப் பின்னால் இருக்கும் அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. புத்தாண்டு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, வாசலில் இருக்கும் தட்டிலிருந்து வீட்டுக்கு ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஓர் அட்டை எடுப்பார்கள். அதில் இருக்கும் பைபிள் வசனம், அந்த வருடத்துக்கு ஆண்டவர் அந்த வீட்டுக்குத் தரும் வாக்குத்தத்தம். நிலைக்கு மேலே ஒட்டுவார்கள். கடைக்காரர்கள் கல்லாப்பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டுவார்கள்.

இருபத்தாறு வருடம் அந்த அட்டைகளை எழுதியவள் ஞானபாக்கியம். ஜெயமங்கலத்துக்காரி. மிஷன் விடுதியில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். போடியில் இரும்புக்கடை வைத்திருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். அவர் போன பிறகு கடையில் அவளே உட்கார்ந்தாள். கம்பியின் கனத்தைக் கையால் தூக்கிப் பார்த்தே சொல்லுவாள். அதே கைதான் அட்டைகளையும் எழுதியது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். முத்து முத்தான எழுத்து. ஒரு சுழி கூடப் பிசகாது.

காமராஜுக்கு டிசம்பர் என்றால் அந்த அட்டைகள்தான். மிஞ்சிய கல்யாணப் பத்திரிகைகளை அம்மா வருடம் முழுக்கச் சேர்த்து வைப்பாள். அரைப் பரீட்சை லீவில் அவற்றை ஒரே அளவாக வெட்டுவது அவன் வேலை. ஸ்கேல் வைத்து மில்லிமீட்டர் பிசகாமல் வெட்டுவான். பின்னாளில் அவன் என்ஜினீயர் ஆனதற்கு அதுதான் காரணம் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லுவாள். குரங்கணிப் பக்கமிருந்து மலைக்காற்று இறங்கும். பக்கத்துக் கிடங்குகளிலிருந்து ஏலக்காய் வாசம் வரும். எழுதி முடித்த அட்டைகளைக் கட்டில் முழுக்கக் காயப் போட்டிருப்பாள். படுக்க இடமிருக்காது. அப்பா தரையில் பாய் விரித்துக்கொண்டே, "வசனத்துக்குக் கட்டிலு, புருசனுக்குத் தரையா?" என்பார். "ஒங்களுக்கு மை காயவேணாமே" என்பாள் அம்மா.

அப்போது சபையில் ஓட்டுக் கூரை. மழை பெய்தால் போதகர் பிரசங்கத்தை நிறுத்திவிடுவார். பிறகு ஏலக்காய் விலை ஏறியது. கடைகள் மாடிகளாயின. சபைக்கு கிரானைட் வந்தது, ஏசி வந்தது, பெரிய திரை வந்தது. தீர்க்கதரிசனப் பிரசங்கம் என்றால் கூட்டம் அலைமோதும். எந்த நாட்டில் யுத்தம், எங்கே பூமியதிர்ச்சி, எந்த ராஜா எந்த மிருகம் என்று திரையில் படம் போட்டுக் காட்டுவார்கள். கடைசிக் காலம் என்பது எப்போதும் வேறு எங்கேயோ நடந்தது. போடிக்கு அதில் ஒன்றுமில்லை.

சபைச் செயலாளர் எபனேசர், அப்பாவின் சித்தப்பா மகன். ஏலக்காய் வியாபாரி. நல்லவர்தான். யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாய் நிற்பார். தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் கடைசிக் காலச் செய்தி அனுப்புவார்.

"ஏலே, ஒங்க சித்தப்பா சேதி பாத்தியா?" என்று அம்மா போனில் சிரிப்பாள். "காலையில, ஆண்டவர் வரப்போறாரு, ஆயத்தமாகுங்கன்னு அனுப்புறாக. பத்து மணிக்குக் கடைக்கு வந்து மூணாவது மாடிக்குக் கம்பி என்ன வெலன்னு கேக்குறாக. வாரவரு எந்த மாடியில எறங்குவாருன்னு நெனைச்சாகளோ."

பிறகு அந்தப் பூசணிக்காய் வந்தது.

அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வரும் காய்கறி, கோழி, பலகாரம் எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். பொன்னாத்தாள் ஒரு பூசணிக்காய் கொண்டுவந்தாள். எபனேசரின் கிடங்கில் ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண் அவள். சபையில் கடைசி வரிசை. பூசணி அவள் வீட்டுக் கூரையில் காய்த்தது. இரண்டு பெரிய குடும்பங்கள் அதற்குப் போட்டி போட்டன. விலை ஏற ஏறக் கைதட்டல். பொன்னாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம், தன் காய்க்கு இவ்வளவு மதிப்பா என்று. கடைசியில் ஏலம் எடுத்தது எபனேசர்.

பதினைந்து நாள் கழித்து, சபைச் சுவருக்குப் பின்னால் அந்தக் காய் அழுகிக் கிடந்ததை ஞானபாக்கியம் பார்த்தாள். யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. பொன்னாத்தாளும் பார்த்துவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் சபைக்கு வரவில்லை.

"அவ வீட்டுக்குப் போய் ஒரு வார்த்த சொல்லணும்டா. எங்கூட வாரியா?" என்று அம்மா கேட்டாள். காமராஜ் அன்று போடியில்தான் இருந்தான். மதுரைக்கு பஸ் பிடிக்க நேரமாகிவிட்டது என்றான். அம்மா தனியாகப் போய்வந்தாள்.

அந்த டிசம்பரில் அவள் முந்நூறு அட்டை எழுதினாள். இருநூற்று அறுபது எப்போதும்போல. நாற்பதில் எச்சரிப்புகள். ஏழைகளை மறந்து தந்தக் கட்டிலில் படுத்துக் கிடப்பவர்களைப் பற்றி ஆமோஸ் சொன்னது. சமாதானமில்லாதபோது சமாதானம் என்று சொன்னவர்களைப் பற்றி எரேமியா சொன்னது. எங்களிடம் எல்லாம் இருக்கிறது, ஒரு குறையுமில்லை என்று சொல்லிக்கொண்ட லவோதிக்கேயா சபைக்கு, நீ குருடு, உன்மேல் துணியில்லை என்று வந்த பதில். அந்தக் கடைசி அட்டையைத் தட்டில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தவர் எபனேசர்.

அன்று மத்தியானத்துக்குள் சபை இரண்டாகிவிட்டது. வருடப்பிறப்பன்று சாபம் விட்டுவிட்டாள் என்றார்கள். மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த ஒருவர் அழுதேவிட்டார். காமராஜ் லீவுக்கு வந்திருந்தான். சண்டையை நிறுத்த வேண்டுமென்று மட்டும்தான் அவனுக்குத் தோன்றியது.

"ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுரும்மா. முடிஞ்சு போகும்."

"முழுசாப் படிச்சாகளாடா?"

"படிச்சதாலதான் சண்டையே."

"நீ படிச்சியா?"

"எனக்கு வேலை இருக்கும்மா."

அவள் மன்னிப்புக் கேட்டாள். நாற்பது புது அட்டை எழுதிக் கொடுத்தாள். அவன் பைக்கில் போய் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தான். எபனேசர் மட்டும் தன்னுடையதைக் கிழித்துப்போட்டுவிட்டதாகச் சொன்னார். அடுத்த வருடத்திலிருந்து சிவகாசியில் அச்சடித்த அட்டைகள் வந்தன. ஞானபாக்கியம் பிறகு எழுதவில்லை. டிசம்பரில் கட்டில் வெறுமையாகக் கிடந்தது.

காமராஜுக்குத் தொழில், ஆலைகளில் தீ எச்சரிப்புக் கருவி பொருத்துவது. போன வருடம் அம்மா கேட்டாள், "நீ மாட்டுற மணி அடிச்சா ஆளுக என்ன செய்வாக?"

"மொதல்ல மணிய ஆஃப் பண்ணுவாக. அப்புறந்தான் தீ எங்கனன்னு பாப்பாக. பாதிப் பேரு அதையும் பாக்கமாட்டாக."

அம்மா அன்று வெகுநேரம் சிரித்தாள். எதற்கு அவ்வளவு சிரிப்பு என்று அவனுக்கு அப்போது புரியவில்லை.

இப்போது டப்பாவிலிருந்த அட்டைகளைத் தரையில் பரப்பியபோது ஒன்று குப்புற விழுந்தது. பின்பக்கத்தில் எழுத்து இருந்தது. பென்சில். மை ஊறிவிடும் என்று பென்சிலில் எழுதியிருந்தாள். காமராஜ் இன்னொன்றைத் திருப்பினான். பிறகு எல்லாவற்றையும் திருப்பினான். முப்பத்தொன்பதிலும் எழுத்து இருந்தது. முன்பக்கம் எச்சரிப்பு. பின்பக்கம், அதே புத்தகத்தில் அதே தீர்க்கதரிசி சொன்ன வாக்குத்தத்தம். இடிந்ததைத் திரும்பக் கட்டுவேன் என்று ஆமோஸ். புது உடன்படிக்கை செய்வேன் என்று எரேமியா. வாக்குத்தத்த அட்டைக்குப் பின்பக்கம் என்ற ஒன்று எப்போதும் இருந்ததில்லை. அதனால் ஒருவரும் திருப்பவில்லை. வாங்கிவந்த அவனும் திருப்பவில்லை.

முழுசாப் படிச்சாகளாடா?

சாயங்காலம் எபனேசர் வந்தார். முகத்தில் நிஜமான துக்கம் இருந்தது. கையில் ஒரு தாள்.

"தம்பி, சிவகாசியில பேசிட்டேன். இந்த வருசம் முந்நூறு அட்டையும் மதினி ஞாபகார்த்தமா அடிச்சிருவோம். தங்க எழுத்து. கீழ அவுக பேரு. வசனம் நானே பொறுக்கி வச்சிருக்கேன். நீ சரின்னு சொல்லு, போதும்."

காமராஜ் தாளைப் பார்த்தான். உயர்த்துவது, பெருகச் செய்வது, தலையாக்குவது, எதிரிகளை விழத்தட்டுவது. கீழே ஞானபாக்கியம் என்று பெயர். அம்மா எதைச் சொன்னதற்காக வாயை மூடினாளோ, அதற்கு நேர் எதிரானதை அவள் பெயரிலேயே சொல்லப்போகிறார்கள். ஒருமுறை அதற்கு அவனும் கை கொடுத்தவன்.

"வேணாம் சித்தப்பா. அச்சடிச்ச தட்டு எப்பவும்போல இருக்கட்டும். பக்கத்துல அம்மா எழுதுன இத இன்னொரு தட்டுல வைக்கணும். வேணுங்கிறவுக எடுக்கட்டும்."

எபனேசர் அட்டைகளைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது. "மறுபடியுமா? வருசப் பொறப்பும் அதுவுமா ஒரு நல்ல வார்த்த வீட்டுக்குக் கொண்டு போகவேணாமா தம்பி? மதினி போயும் இந்தச் சண்ட தீரலையா?"

"திருப்பிப் பாருங்க."

அவர் திருப்பினார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நாலைந்து அட்டைகளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என் அட்டைக்குப் பின்னாடி என்ன எழுதியிருந்தாக?"

"நீங்க கிழிச்சிட்டீங்க. ஆனா லவோதிக்கேயாவுக்குச் சொன்னது அடுத்து எங்க போய் முடியுதுன்னு வேதத்துல இருக்குல்ல?"

மேஜை மேல் ஞானபாக்கியத்தின் பைபிள் இருந்தது. வெளிப்படுத்தின விசேஷத்தை எபனேசர் தாமே எடுத்தார். அவருக்குப் பழக்கமான புத்தகம்தான், மிருகமும் கொம்பும் வருகிற பக்கங்கள் எல்லாம் மனப்பாடம். மூன்றாம் அதிகாரத்தில் விரல் மெதுவாக இறங்கியது. நின்றது. வாசற்படியில் நின்று கதவைத் தட்டுகிற ஆண்டவர். திறந்தால் உள்ளே வந்து கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவர்.

"இந்தப் படம் எங்க வீட்டு ஹால்ல தொங்குது" என்றார். குரல் மாறியிருந்தது. "விளக்கு மாட்டி வச்சிருக்கேன். யாரோ பாவி வீட்டு வாசல்ல தட்டுறாருன்னுல்ல இத்தன நாளும் நெனச்சேன். எல்லாம் இருக்குன்னு சொன்னவன் வீட்டு வாசல்லயா நிக்காரு?"

அதற்குப் பதில் சொல்லத் தனக்கு அருகதை இல்லை என்று காமராஜுக்குப் பட்டது.

எபனேசர் தம் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "மதினி பேரு வேணாம், எப்பவும்போல அடிங்கன்னு சிவகாசிக்குச் சொல்லிர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

புத்தாண்டு காலை ஆராதனை முடிந்தது. வாசலில் இரண்டு தட்டுகள். எபனேசரே ஞானபாக்கியத்தின் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ரெண்டு பக்கமும் படிக்கணும், ரெண்டு பக்கமும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். சிலர் எடுத்தார்கள். நிறையப் பேர் அவர் முகத்தைப் பார்க்காமல் அடுத்த தட்டுக்குப் போனார்கள். ஒரு மூதாட்டி இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்துக்கொண்டு, "எதுக்கும் இருக்கட்டும்" என்றாள்.

கடைசியாகக் காமராஜ் வந்தான். பழக்கத்தில் அவன் கை அச்சடித்த தட்டுக்குப் போனது. பாதியில் இழுத்துக்கொண்டு, அம்மாவின் தட்டில் கண்ணை மூடி ஒன்று எடுத்தான்.

எசேக்கியேல். தீர்க்கதரிசி பேசுவதை ஜனங்கள் வந்து உட்கார்ந்து கேட்கிறார்கள். நல்ல குரலில் பாடும் பாட்டைப்போல ரசிக்கிறார்கள். ஆனால் சொன்னபடி செய்வதில்லை.

இந்தப் பத்து நாளும் அம்மாவின் எழுத்தை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சுழி, கொம்பு, மையின் வாசம், கட்டில். திருப்பிப் பார்க்கக் கை துடித்தது. பின்பக்கம் என்ன இருக்கும் என்று அவனுக்கு நினைவில்லை. ஆனால் முன்பக்கம் சொன்னதை இன்னும் செய்து முடிக்கவில்லை. அட்டையைத் திருப்பாமலே சட்டைப்பையில் வைத்தான்.

அம்மாவை எடுத்த அன்று பொன்னாத்தாள் வந்திருந்தாள். வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அவன் அவளைக் கூப்பிடவில்லை. இன்று சாயங்கால ரயிலுக்கு அவனுக்கு டிக்கெட் போட்டிருந்தது.

"சித்தப்பா, பொன்னாத்தா வீடு எங்கன இருக்கு?"

எபனேசர் தட்டைக் கீழே வைத்தார். மீதியிருந்த அட்டைகளை ஒழுங்காக அடுக்கினார்.

"இருபது வருசமா எங்கிட்டதான் காய் பிரிக்கிறா. வீடு எங்கனன்னு தெரியலையே தம்பி."

அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். இருவரும் வெயிலில் இறங்கி விசாரித்துக்கொண்டே நடந்தார்கள்.