அட்ஜஸ்ட்டும் ஒரு சிவப்புக் கரைத் துண்டும்

சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஊதிய விசில்மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. கண்டக்டர் வேலைக்கு விசிலும் தோல்பையும் வேண்டும் என்பார்கள். எனக்கு அவை இரண்டாம்பட்சம். ‘அட்ஜஸ்ட்’ என்கிற ஒற்றை இங்கிலீஷ் வார்த்தை இல்லாமல் என் பஸ் செங்கல்பட்டு ஸ்டாண்டைத் தாண்டியதே இல்லை. நெருங்கி உட்காருங்கள் என்பதற்கும் அதுதான், நின்றுகொண்டே வாருங்கள் என்பதற்கும் அதுதான், வண்டி படுத்துவிட்டது, இறங்கித் தள்ளுங்கள் என்பதற்கும் அதுதான்.

எழுபதுகளில் கழுக்குன்றம் வழியாகப் புதுப்பட்டினம் போன தனியார் பஸ் அது. ஐம்பது பேர் வண்டியில் நூறு பேரை அடைத்துவிட்டு, நூற்றியோராவது ஆளுக்காக விசில் ஊதுவேன். ஒற்றைக் காலில் நின்று ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். பஸ்ஸுக்குள் எல்லாம் அட்ஜஸ்ட் ஆனது. என் கல்யாணம்தான் ஆகவில்லை. நாலு வீட்டில் கண்டக்டருக்குப் பெண் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள்.

நாலாவது ஆள்

புதுப்பட்டினத்து ஜவுளிக்கடை பாய் கொஞ்சம் அகலமான மனிதர். மூன்று பேர் சீட்டில் அவர் உட்கார்ந்தால் மற்ற இருவரும் சுவரொட்டி மாதிரி ஒட்டிக்கொள்வார்கள். ஒருநாள் அங்கே நாலாவதாக ஒருவரைச் செருகி, “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க பாய்” என்றேன். பாய் கோபிக்கவே இல்லை. சிரித்தபடி சொன்னார்:

“உட்கார்றத நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன் தம்பி. எறங்கசொல்ல சீட்டும் என்னோட சேந்து எறங்கிச்சுன்னா, அத நீ அட்ஜஸ்ட் பண்ணிக்குவியா?”

மூக்கு

அணு ஆராய்ச்சி வேலைக்கு வந்த ஆபீசர் ஒருவர் தினமும் எனக்கு ‘குட்மார்னிங்’ சொல்வார். ஊரில் எனக்கு அதைச் சொன்ன ஒரே ஆள். ஒருநாள் அவர் பக்கத்தில் மீன்காரம்மா கூடையை இறக்கினாள். நான் குழைந்துகொண்டு, “நாத்தம் சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க” என்றேன். ஆபீசர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தம்மாதான் எழுந்து நின்றாள்:

“இன்னாய்யா நாத்தம்? நேத்து இதே வஞ்சிரத்த வாங்கிகினு போயி கொயம்பு வெச்சுத் துன்னியே, அப்ப மூக்க கயட்டி ஆணியில மாட்டிட்டியா?”

துண்டு

செங்கல்பட்டில் ஒரு பெரியவர் ஜன்னல் வழியாகச் சிவப்புக் கரைத் துண்டைப் போட்டு இடம் பிடித்தார். துண்டு கிடந்தால் அந்த இடம் துண்டுக்காரருக்குத்தான். இது பஸ்ஸுக்குள் யாரும் மீறாத சட்டம். அவர் கூட்டத்தில் முட்டி ஏறி வருவதற்குள், துண்டை எடுத்துவிட்டு நம் குட்மார்னிங் ஆபீசரை அங்கே உட்காரவைத்துவிட்டேன். பெரியவரை டிரைவர் பக்கத்து இன்ஜின் மூடிமேல் ஏற்றி, “அட்ஜஸ்ட் பண்ணிக்க பெரியவரே” என்றேன். அந்த மூடிமேல் காரப்பொடி மீனை வைத்தால் கழுக்குன்றம் வருவதற்குள் கருவாடாகிவிடும். மனுஷர் வழியெல்லாம் இடதும் வலதுமாக மாறி மாறி உட்கார்ந்துவிட்டு, புதுப்பட்டினத்தில் காலை அகட்டி அகட்டி நடந்து போனார். துண்டைக் கேட்கவில்லை. கேட்பாரில்லாத துண்டு கண்டக்டருக்கு என்பது எங்கள் தொழில் வழக்கம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது வீட்டில் பெண் பார்க்கப் போனோம். இதுவும் தட்டிப்போனால் இனிமேல் அலைய மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். அந்தத் துண்டையே துவைத்து, கஞ்சி போட்டு, தோளில் மடித்துப் போட்டுக்கொண்டேன். வீடு புதுப்பட்டினத்தில். கதவைத் திறந்தவர் அதே பெரியவர். பெண்ணுக்கு அப்பா! என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் துண்டின் மூலையில் இருந்த சலவைக் குறியைப் பார்த்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் மட்டும் நின்றேன். காலி நாற்காலி ஒன்று இருக்கத்தான் இருந்தது.

“அன்னிக்குத் துண்டு போட்டும் எனுக்கு எடம் குடுக்கல. இன்னிக்கு என் துண்டையே போட்டுகினு என் வூட்டுல எடம் புடிக்க வந்துகிறியா நீ?” என்றார்.

அம்மா வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டாள். அந்த ஒரு வாரமாக அந்த வீட்டில் பெரியவர் வாயில் என் பேச்சுத்தானாம், நான் சொன்ன ‘அட்ஜஸ்ட்’டைச் சொல்லிச் சொல்லித் திட்டத்தானாம். உள்ளேயிருந்து பெண்ணின் குரல் வந்தது:

“இஞ்சின் மேலயே குந்திகினு வந்துட்டே, இத்தயும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க நைனா!”

அன்றைக்கு அப்பாவிடம் சொன்ன அந்த வார்த்தையை, கல்யாணத்துக்கப்புறம் அவள் என் ஒருத்தனிடம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பதை, நான் சொன்னேன் என்று மட்டும் எங்கேயும் மூச்சு விட்டுவிடாதீர்கள், இன்றைக்கு வீட்டில் வஞ்சிரக் குழம்பு.