கல்குலஸ் வேண்டாம் என்றவர்

பெரியப்பாவின் சிவப்புப் பேனா கல்குலஸ் என்ற கணிதப் பாடத்தின் மேல் குறுக்காக ஓடியதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்கள் அப்பார்ட்மெண்டின் சோபாவில், பல்கலைக்கழகப் பாடங்களின் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பட்டம் முடியும்வரை காத்திராமல், பார்மசிப் படிப்புக்குக் கேட்கிற பாடங்களையெல்லாம் முதல் வருடத்திலேயே எடுத்து முடித்து, அடுத்த வருடமே அதற்குள் நுழைந்துவிட வேண்டும். அப்பா தொழிற்சாலையில் பெட்டி தூக்கித் தூக்கி இடுப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தார். நான் வேளைக்கு உழைக்கத் தொடங்கினால்தான் அவர் ஓய முடியும்.

பெரியப்பா யாழ்ப்பாணத்தில் ஏ.எல். வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்தவர். அங்கே பயோ படிக்கிற பிள்ளை கணிதத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அது எஞ்சினியராகப் போகிறவர்களுக்கு. அந்த வழக்கத்தை அவர் ரொறன்ரோவிலும் கொண்டுவந்து இறக்கினார்.

"இஞ்ச பார்மசிக்குக் கல்குலஸ் கேக்கினம், பெரியப்பா. பள்ளிக்கூடக் கவுன்சிலரும் சொன்னவ" என்றேன்.

"அவவுக்கு என்ன தெரியும்? நான் எத்தினை பிள்ளையளை மெடிசினுக்கு அனுப்பினனான்! பயோ படிக்கிற பிள்ளைக்கு உது என்னத்துக்கு? உதை விட்டிட்டு விலங்கியலை எடு. மார்க்ஸ் அள்ளலாம்."

நான் அப்பாவைப் பார்த்தேன். "அண்ணை சொன்னால் சரியாத்தான் இருக்கும், பிள்ளை" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சுக் கிடையாது.

விலங்கியலில் மார்க்ஸ் அள்ளத்தான் செய்தேன். பார்மசி அலுவலகத்துப் பெண் அதைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கல்குலஸ் எங்கே என்று கேட்டாள். அது இல்லாவிட்டால் விண்ணப்பத்தைத் தொடவே மாட்டார்களாம். அடுத்த வருடம் பார்ப்போம் என்று மனதைத் தேற்றிக்கொள்வதற்குள் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். நான் வங்கியில் வேலைக்குப் போனேன். பட்டத்தை மாலை வகுப்புகளில் இழுத்துப் பறித்து முடித்தேன்.

பிழை விட்டதைக்கூட மன்னித்திருப்பேன். கேட்ட சொந்தக்காரருக்கெல்லாம் "அவளுக்குப் படிப்பில நாட்டமில்லை" என்று சொல்லித் திரிந்தாரே, அதை எப்படி மன்னிப்பது? அடுத்த வருடம் அவருடைய மகள் பல்கலைக்கழகம் போனாள். முதல் வேலையாக அவளைக் கல்குலஸுக்குப் பதியவைத்தார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. என் வாழ்க்கையை வைத்துத் தன் பிள்ளைக்கு ஒத்திகை பார்த்திருக்கிறார் என்று அம்மாவிடம் கத்தினேன். பெரிய ஆக்களை அப்படிக் கதைக்கக்கூடாது என்று அம்மா என்னைத்தான் அடக்கினாள்.

அந்த மகள் இன்று மில்லிக்கன் பகுதியில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். தங்கமான பிள்ளை, அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. போன மாதம் அம்மாவுக்கு மருந்து எடுக்கப் போனபோது பெரியப்பா அங்கே கதிரையில் இருந்தார். கண்ணாடிக்கு அப்பால் நின்ற மகளைப் பெருமையோடு பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீயும் அப்ப கல்குலஸை எடுத்திருந்தா உப்பிடி வந்திருக்கலாம், பிள்ளை."

"வேண்டாமெண்டு வெட்டினது நீங்கள்தானே!"

என் குரல் கடை முழுக்கக் கேட்டது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நானோ? நான் ஏன் பிள்ளை அப்பிடிச் சொல்லப்போறன்?"

அவர் நடிக்கவில்லை. அந்த மனிதருக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை. இத்தனை வருடமாக மனதுக்குள் நான் ஏசி வந்த ஆள், எனக்கு ஒரு பதிலும் சொல்லாமல் எப்போதோ போய்விட்டார். மிஞ்சியிருந்த கிழவர், நான் ஏன் அழுகிறேன் என்று மகளைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.